கடைக்கு இடமுண்டு, கூட்டத்துக்கு இடமில்லை

சென்னையில் இந்த மாதம் எந்த நூல் வெளியீடு எந்த அரங்கில், யார் தலைமை, மேடையில் யார் யாரைத் திட்டப்போகிறார் என்று எங்களைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வோம். கூட்டங்களில் வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் கூட்டங்களின் கடைசி வரிசையில் பத்தாண்டுகளாக வந்து அமர்ந்துவிட்டுப் போகும் நெட்டுக்குப்பத்து நண்பர் ஒருவர், சென்ற ஆண்டு ஒரு மாலையில் எங்களைத் தனியே அழைத்துக் கேட்டார்: "குடிய வுட்டவங்கல்லாம் ஒண்ணா உக்காந்து பேசுவாங்களாமே, அந்தக் கூட்டம் எண்ணூர்ப் பக்கம் எங்கனா நடக்குதாண்ணா?"

எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அன்றிரவு கூட்டம் முடிந்தபின் எழுத்தாளர்களோடு 'உட்காரும்' இடம் எது என்பது மட்டும் அனைவருக்கும் தெரிந்திருந்தது. அவரும் அங்கே எங்களோடு உட்கார்ந்தவர்தான். அவருடைய குடியில் எங்கள் பங்கும் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். ஆகவே இதை யாருக்கோ சொல்லும் புத்திமதியாக எவரும் வாசிக்க வேண்டாம். அவருடைய அனுமதியோடு, அடையாளங்களைத் தவிர்த்து எழுதுகிறோம்.

நெட்டுக்குப்பம், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் குப்பம். ஒருபுறம் கடல், மறுபுறம் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கழிமுகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் இக்கழிமுகத்தில் பரவி, படகும் வலையும் தார் பூசியதுபோல் கறுத்துக் கிடந்த படங்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்நாட்களில் இழப்பீட்டைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், "கொடுத்தால் குடித்துவிடுவார்கள்" என்று முகம் சுளித்த கனவான்களை நாங்கள் நேரில் கேட்டிருக்கிறோம். மீனவர் குடிக்கிறார் என்பது கழிமுகத்தை நஞ்சாக்கியவர்களுக்கு வாய்த்த வசதியான சாக்கு. அந்தச் சாக்குக்கு எங்கள் கட்டுரையிலிருந்து ஒரு சொல்லையும் எவரும் எடுத்துப் போக முடியாது. அடையாறில் குடிக்கிறார்கள், அண்ணா நகரில் குடிக்கிறார்கள், இலக்கியக் கூட்டங்களுக்குப் பின் மிக நன்றாகக் குடிக்கிறார்கள். அவர்களுக்கு மருத்துவர் உண்டு, சம்பளத்தோடு விடுப்பு உண்டு, கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை உண்டு. நிறுத்த வேண்டும் என்று ஒருநாள் தோன்றினால் போவதற்கு இடம் உண்டு. நெட்டுக்குப்பத்துக்காரருக்கு அந்தக் கடைசி வசதி ஏன் இல்லை என்பதே எங்கள் கேள்வி.

நண்பரின் கேள்விக்கு விடைதேடிப் புறப்பட்டபோது, வழியெங்கும் எங்களை முதலில் வரவேற்றவை புறநகர் ரயில் பெட்டிகளில் ஒட்டப்பட்ட சிறு சுவரொட்டிகள். குடியை மறக்க வைக்கும் பொடி; குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்; பக்கவிளைவு கிடையாது. வாரந்தோறும் மீன்கூடையோடு அந்த ரயிலில் ஏறி இறங்கும் பெண்களின் கண்ணில் ஆண்டுக்கணக்காகப் படும் ஒரே தகவல் இதுதான். அந்தப் பொடியில் என்ன இருக்கிறதென்று விற்பவர்தான் சொல்ல வேண்டும். குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரவழைக்கும் டைசல்ஃபிராம் என்னும் மருந்தை மருத்துவர்கள் நோயாளியிடம் சொல்லி, அவர் ஒப்புதலோடு, கண்காணிப்பில்தான் கொடுப்பார்கள். அதையே அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்தால், அவர் அன்று மாலை வழக்கம்போல் குடிக்கும்போது உயிருக்கே ஆபத்து நேரலாம்.

அடுத்து அகப்பட்டவை தனியார் 'சென்டர்'கள். இரவில் வண்டி வரும், நான்கு பேர் இறங்குவார்கள், ஆளைத் தூக்கிப்போட்டுக்கொண்டு போவார்கள். மூன்று மாதம் உள்ளே. மனைவியின் தாலிச் சரடு அடகுக்கடைக்குப் போயிருக்கும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் வந்து, இத்தகைய இடங்கள் மாநில ஆணையத்திடம் பதிவு பெற வேண்டும் என்று ஆனபிறகும், உள்ளே வைத்து அடிப்பதே சிகிச்சை என்று நம்பும் இடங்கள் ஒழிந்துவிடவில்லை. முறையாக நடப்பவையும் உண்டு, மறுக்கவில்லை. 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை நாடறிந்தது. ஆனால் அது இருப்பது அடையாறு இந்திரா நகரில். நகரத்தின் வரைபடத்தை எடுத்து எண்ணூரையும் அடையாறையும் தொட்டுப் பாருங்கள். விரல் முழுவதும் விரிந்தாக வேண்டும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும். நாள்தோறும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் தாமாக நிறுத்துவது ஆபத்து. நிறுத்திய இரண்டு மூன்று நாட்களுக்குள் கைநடுக்கம், வலிப்பு, பிறகு நினைவு தடுமாறி இல்லாதவற்றைக் காணும் நிலை என்று வரக்கூடும். கவனிக்காவிட்டால் உயிர் போகும். இந்த முதல் கட்டத்துக்கு மருத்துவமனைதான் இடம். வடசென்னைக்கு ஸ்டான்லி இருக்கிறது, கீழ்ப்பாக்கம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு 25 அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் மீட்பு மையங்களைத் திறந்தது, வரவேற்கிறோம். 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் மத்திய அரசின் உதவி மையம் இருக்கிறது. எங்கள் நண்பரும் ஒரு பொது மருத்துவமனையில்தான் பத்து நாள் படுத்து எழுந்தார். உடலிலிருந்து சாராயம் இறங்கிவிட்டது. பதினோராம் நாள் பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்க வேண்டிய தெரு அதே தெரு. எதிரே வருபவர்கள் அதே பங்காளிகள். பத்து நாளில் மருத்துவர் செய்ததைப் பத்து நிமிடத்தில் ஒரு கட்டிங் அழித்துவிடும். அந்தப் பதினோராம் நாளுக்காகத்தான் அவர் கூட்டத்தைக் கேட்டார்.

அவர் கேட்டது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. அதன் தொடக்கமே ஒரு தேடல்தான் என்பது எங்களுக்குப் பின்னர் தெரிந்தது. 1935 மே மாதம். அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்கு வேலையாக வந்து, வந்த காரியம் தோற்றுப்போய், விடுதியின் முன்கூடத்தில் தனியே நிற்கிறார் பில் வில்சன் என்னும் பங்குத் தரகர். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒருபக்கம் மதுக்கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசியும், ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியலும். தான் குடிக்காமலிருக்க இன்னொரு குடிகாரரோடு பேசியாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றிற்று. பட்டியலைப் பார்த்து வரிசையாகத் தொலைபேசியில் கேட்டார். அப்படிக் கிடைத்தவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். ஸ்மித் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10 தான் அந்த அமைப்பின் பிறந்தநாளாகக் கொள்ளப்படுகிறது. உபதேசம் செய்ய வில்சன் ஆள் தேடவில்லை, தன்னைக் காத்துக்கொள்ளத் தேடினார். அந்த இயக்கத்தின் சூட்சுமம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. இந்தியாவுக்கு இது 1957-இல் வந்துவிட்டது. வந்து இத்தனை ஆண்டுகள் கழித்து, நூல் வாசிப்பவர்கள் என்று மார்தட்டிக்கொள்ளும் ஒரு குழுவுக்கு அது கூடுமிடம் தெரியவில்லை என்றால், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கடலோடிக்கு எப்படித் தெரியும்?

நாங்களும் தொலைபேசியில்தான் கண்டடைந்தோம். நெட்டுக்குப்பத்துக்குள் எதுவும் அகப்படவில்லை. நகருக்குள் மாலை ஏழு மணிக்குத் தமிழில் நடக்கும் ஒரு கூட்டத்தைச் சொன்னார்கள். குடிநோயாளிகள் மட்டுமே கலந்துகொள்ளும் மூடிய கூட்டம், வெளியாரும் வரலாம் என்னும் திறந்த கூட்டம் என இரண்டு வகை உண்டாம். திறந்த கூட்டத்துக்கு நண்பரோடு எங்களில் இருவர் போனோம்.

ஒரு பள்ளியின் வகுப்பறை. கரும்பலகையில் குழந்தைகளுக்கான பெருக்கல் கணக்கு அழிக்கப்படாமலிருந்தது. சிறுபிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள் பதினைந்து பேர். அங்கே கேட்டதை இங்கே சொல்ல மாட்டோம். அது அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டிய பேச்சு. வடிவத்தை மட்டும் சொல்கிறோம். ஒருவர் எழுந்து தம் பெயரின் முதற்பகுதியைச் சொல்லி, தாம் குடிநோயாளி என்று சொல்கிறார். பேசுகிறார். யாரும் குறுக்கிடுவதில்லை, யாரும் மறுப்பதில்லை, புத்தி சொல்வதில்லை. முடித்ததும் நன்றி சொல்கிறார்கள். அடுத்தவர். தலைவர் இல்லை, சிறப்பு விருந்தினர் இல்லை, பொன்னாடை இல்லை. எங்கள் இலக்கியக் கூட்டங்களில் ஒருவர்கூட ஐந்து நிமிடத்தில் முடித்து உட்கார்ந்து நாங்கள் கண்டதில்லை. அங்கே பள்ளிப்படிப்பைத் தாண்டாதவர்கள் ஐந்து நிமிடத்தில் முப்பது ஆண்டு வாழ்க்கையைச் சொல்லி உட்கார்ந்தார்கள். பதினேழு ஆண்டு குடிக்காமலிருந்தவருக்கும், நேற்றுத்தான் நிறுத்தியவருக்கும் ஒரே அளவு கைதட்டல். முடிவில் ஒரு துணிப்பை சுற்றி வந்தது. பத்து, இருபது என்று போட்டார்கள். எங்களிடம் வந்ததும் எங்கள் கை சட்டைப்பைக்குப் போயிற்று. பை எங்களைத் தாண்டிச் சென்றுவிட்டது. வெளியார் பணத்தை வாங்குவதில்லை என்பது அவர்களின் மரபு. டீக்கும் அறை வாடகைக்கும் அவர்கள் தாமே கொடுத்துக்கொள்கிறார்கள். குடியை நிறுத்தும் விருப்பம் தவிர வேறு எந்தத் தகுதியும் உறுப்பினராக வேண்டியதில்லை, சந்தாவும் கிடையாது.

திரும்பி வரும்போது நண்பர் வெகுநேரம் பேசவில்லை. தண்டையார்ப்பேட்டை தாண்டியதும், "நாம ஒருத்தன் மட்டும்தான் இப்டினு நெனச்சினு இருந்தேன்ணா" என்றார்.

இனி வருவது கணக்கு. புதிதாக வருபவர் 90 நாளில் 90 கூட்டங்களுக்குப் போவது நல்லது என்பது அவர்களிடையே வழங்கும் சொல். நெட்டுக்குப்பத்திலிருந்து நகருக்குள் 15 கிலோமீட்டருக்கும் மேல். எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டால் பேருந்தை நம்ப முடியாது. நடந்து ரயில் நிலையம் போய், வண்டிக்குக் காத்திருந்து, இறங்கி மறுபடி நடந்து, கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் இருந்து, அதே வழியில் திரும்பினால் வீடுசேர இரவு பத்தரை. பின்னிரவு இரண்டு, மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிறவர் எப்போது தூங்குவார்? ஆலையில் பிற்பகல் ஷிப்ட் பார்ப்பவர் ஏழு மணிக் கூட்டத்துக்கு எப்படி வருவார்? டாஸ்மாக் கடைக்கோ நண்பகல் 12 முதல் இரவு 10 வரை நேரமுண்டு. அதற்கு முன்னும் பின்னும் சந்துக்கடை உண்டு. காலையில் கரையேறிய கையோடு வாங்கிக்கொள்ளலாம். எண்ணூர் வட்டாரத்தில் அதைத் தேடி எவரும் ரயிலேற வேண்டியதில்லை. இப்படி ஒரு பந்தயத்தை வைத்துவிட்டு, தோற்றவனைப் பார்த்து "மனவுறுதி இல்லை" என்கிறோம்.

இந்த 'மனவுறுதி' என்ற சொல்லைத்தான் நாங்கள் முதலில் எதிர்க்கிறோம். குப்பத்துக்குப் போய்ப் பாருங்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார்கள். நேற்றுவரை தெருவில் விழுந்து கிடந்தவர் 41 நாள், 48 நாள் ஒரு சொட்டுத் தொடுவதில்லை. தேவாலயத்துக்குப் போகிறவர்களில் தவக்காலத்தின் 40 நாளும் அப்படியே இருப்பவர்கள் உண்டு. மனவுறுதி இல்லாதவர்களா இவர்கள்? மாலை போட்டவருக்கு ஊரே 'சாமி' என்று பெயர் மாற்றி வைக்கிறது; பழைய பெயரும் பழைய கணக்கும் ஒதுங்கிக்கொள்கின்றன. காலையும் மாலையும் கூடிப் பாட ஒரு கூட்டம் இருக்கிறது. மூத்த குருசாமி ஒருவர் இருக்கிறார், அவரும் ஒரு காலத்தில் கன்னிச்சாமியாக இருந்தவர். தவறினால் கேட்க ஆள் உண்டு, தள்ளாடினால் தாங்க ஆள் உண்டு. மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்றே அத்தனையும் கலைந்துவிடுகிறது. பலர் அன்று மாலையே கடைக்குப் போகிறார்கள். ஏ.ஏ. கூட்டத்தைப் பார்த்தபோது எங்களுக்கு நினைவுக்கு வந்தது இதுதான்: கழற்றும் நாள் குறிக்காமல் போட்ட மாலை. நம் மக்களுக்கு முற்றிலும் அந்நியமான எதையும் நாங்கள் அங்கே காணவில்லை.

எங்கள் பகுத்தறிவு நண்பர்களுக்கு இந்த ஒப்புமை கசக்கும் என்று தெரியும். ஏ.ஏ.வின் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறாரே என்பார்கள். வருகிறார், அவரவர் புரிந்துகொண்டபடி என்ற அடைமொழியோடு வருகிறார். எங்களோடு அன்று பேசிக்கொண்டிருந்த ஒருவர் தாம் நாத்திகர் என்றும், தமக்கு மேலான சக்தி அந்தப் பெஞ்சுகளில் இருக்கும் பதினைந்து பேர்தாம் என்றும் சொன்னார். அது போதவில்லை என்றால், கடவுள் பேச்சே இல்லாத குழுக்களும் உலகில் உண்டு. எண்ணூரில் அப்படியொன்றைத் தொடங்குங்கள், முதல் ஆளாக வந்து நாற்காலி போடுகிறோம். பலன் உண்டா என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. 2020-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 10,565 பேரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளைப் பரிசீலித்தது. ஆட்களை முறையாக ஏ.ஏ.வோடு இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமலிருக்க வைப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறையாததாகவும் சிலவற்றைவிட மேலானதாகவும் இருப்பதாக அது கண்டது. எல்லாருக்கும் பலிக்கும் என்று எவரும் சொல்லவில்லை; நாங்களும் சொல்லவில்லை.

எங்கள் சொந்த வீட்டைப் பற்றியும் பேச வேண்டும். தமிழ் இலக்கியச் சூழலில் குடிக்கு ஒரு திருவுரு உண்டு. இறந்த கவிஞருக்கு அஞ்சலி எழுதினால் அவரோடு குடித்த இரவை எழுதாமல் நமக்குக் கட்டுரை முடிவதில்லை. அவருடைய மனைவி அந்த இரவில் எங்கே இருந்தார் என்று எழுதியவர் எத்தனை பேர்? அதியமான் மறைந்தபோது ஔவை பாடிய கையறுநிலைப் பாட்டைத் துணைக்கழைப்போம். அந்தப் பாட்டின் கள் பகிர்ந்துண்ட கள். ஒருவரோடு ஒருவர் அமர்ந்து உண்டது. இரும்புக் கம்பிக்குள் கைநீட்டி வாங்கி, தண்ணீர்ப் பாக்கெட்டைக் கடித்து ஊற்றி, நின்ற நிலையில் மூன்று நிமிடத்தில் தொண்டைக்குள் இறக்கும் குவார்ட்டருக்கும் அதற்கும் என்ன உறவு? 42.8 விழுக்காடு சாராயம் கொண்ட 180 மில்லி என்றால், உள்ளே போவது ஏறக்குறைய 60 கிராம் சுத்தமான ஆல்கஹால். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார் என்பதை மட்டும் நாம் வசதியாகப் பட்டிமன்றத்துக்கு விட்டுவிட்டோம்.

கார்வரையும் கொண்டாடுகிறோம். ரேமண்ட் கார்வரின் கதைகளை மொழிபெயர்க்காத சிற்றிதழ் அரிது. அவர் 1977 ஜூன் 2 அன்று குடியை நிறுத்தினார், ஏ.ஏ. கூட்டங்களுக்குப் போனார். 'கதீட்ரல்' தொகுப்பு 1983-இல் வந்தது. நிறுத்தியபின் வாழ்ந்த பதினோராண்டுகளின் அறுவடை அது. 1988-இல் இறக்கும்வரை அவர் மறுபடி குடிக்கவில்லை. குடித்த கார்வரைப் பற்றி நம் இலக்கியவாதிகள் விடிய விடியப் பேசிக் கேட்டிருக்கிறோம். மடக்கு நாற்காலிகளில் அந்நியர்கள் நடுவே உட்கார்ந்து தம் பெயரைச் சொன்ன கார்வரைப் பற்றி ஒருவரும் வாய்திறந்து கேட்டதில்லை. எங்கள் நண்பருக்குக் கார்வரின் பெயர் எங்களால்தான் தெரிந்தது. அந்தப் பாதிக் கார்வரைத்தான் நாங்கள் அவருக்குக் கொடுத்திருந்தோம்.

அரசியலாரிடம் வருவோம். தேர்தலுக்குத் தேர்தல் பூரண மதுவிலக்கு என்ற முழக்கம். 1937-இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கியதிலிருந்து, 1971-இல் விலக்கி, 1974-இல் மீண்டும் கொணர்ந்து, 1981-இல் மறுபடி திறந்தது வரை எல்லாக் கதையும் நமக்குத் தெரியும். 2003-இல் சில்லறை விற்பனையை அரசே ஏற்றது. 2003-04-இல் சுமார் 3,639 கோடியாக இருந்த டாஸ்மாக் வருவாய் 2024-25-இல் 48,344 கோடி. கடையை மூடு என்பவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்டபோது மகிழ்ந்தோம். ஆனால் மூடிய மறுநாள் குடிநோயாளி என்ன செய்வார் என்பதை இரு தரப்பும் கேட்பதில்லை. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கில் கடைகள் ஒரே இரவில் மூடின. சென்னையில் ஆகஸ்ட் 18 வரை திறக்கவில்லை. அந்த ஏப்ரலில் புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் மூன்று மீனவர்கள் சவரத்துக்குப் பின் பூசும் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்து மாண்டார்கள். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம், அதுவும் மீனவர் குப்பம். மெத்தனால் கலந்த சாராயத்தால் அங்கும் செங்கல்பட்டுப் பக்கமும் 20-க்கும் மேற்பட்டோர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர். இறந்தவர் குடும்பங்களுக்குத் தலைக்கு 10 லட்சம் கொடுத்தார்கள். கொடுக்க வேண்டாம் என்று சொல்லும் கல்நெஞ்சர்கள் அல்லர் நாங்கள். ஆனால் செத்தவருக்குக் கணக்கெழுத அரசிடம் ஒரு பத்தி இருக்கிறது; குடியை விட்டு உயிரோடிருக்க முயல்பவர் வாரத்துக்கு நான்கு மாலை உட்கார ஓர் அறை தர அதனிடம் ஒரு விதிகூட இல்லை.

அறை என்று சொன்னதைச் சற்று விளக்க வேண்டும். நண்பரும், கூட்டத்தில் அறிமுகமான அவ்வட்டாரத்துக்காரர்கள் இருவரும், எண்ணூரிலேயே ஒரு குழுவைத் தொடங்க நினைத்தார்கள். இரண்டு மூன்று குடிநோயாளிகள் குடிக்காமலிருக்க வேண்டிக் கூடினாலே அது ஒரு குழு. யாரிடமும் உத்தரவு வாங்க வேண்டியதில்லை. அறைக்காக அவர்களோடு நாங்களும் நான்கு படியேறினோம். ஓரிடத்தில், "குடிகாரப் பசங்க கூடுற எடமா இது?" என்றார்கள். குடியை விட்டவர்கள் ஐயா என்றோம். "எல்லாம் ஒண்ணுதான்" என்றார்கள். இன்னோரிடத்தில் பொம்பளைப் பிள்ளைகள் வந்துபோகும் இடம் என்றார்கள். மூன்றாமிடத்தில் இன்முகத்தோடு, மேலிடத்தில் எழுதிக் கேளுங்கள் என்றார்கள். எழுதினோம், பதில் வரவில்லை. நான்காமிடத்தில் இலவசமாகவே தருவதாகச் சொன்னார்கள். தங்கள் அமைப்பின் பதாகையை மாட்டிப் படமெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. பெயர் வெளியிடாதவர்களின் கூட்டத்தில் புகைப்படம்! வாடகை கொடுத்துத்தான் இருப்போம், படம் வேண்டாம் என்று நண்பர் சொன்னதும் அவர்கள் முகம் மாறிவிட்டது.

குப்பத்துக்குள்ளேயே கூட்டம் வைத்தால் ரகசியம் எப்படி நிற்கும் என்று அக்கறையோடு கேட்டவர்களும் உண்டு. எல்லாரும் மாமன் மச்சான். யார் உள்ளே போகிறார் என்பது தெருவுக்கே தெரியுமே. நியாயமான கேள்விதான். வேலைக்கு ஆபத்து வருமென்று அஞ்சுகிறவர்களுக்கும், எல்லாரையும்விடப் பெண்களுக்கும், அடுத்த ஊர்க் கூட்டமே பாதுகாப்பு. மற்றவர்களுக்கு நண்பரே விடை சொன்னார். அவர் மணலில் விழுந்து கிடந்ததைத் தெருவே பார்த்திருக்கிறது. மகளின் சடங்கில் அவர் போட்ட கூச்சலை ஊரே கேட்டிருக்கிறது. பஞ்சாயத்தில் தெண்டம் கட்டியிருக்கிறார். குடித்ததில் ஒளிவு மறைவே இருந்ததில்லை. நிறுத்துவதை மட்டும் எதற்கு ஒளிந்து செய்ய வேண்டும் என்று அவர் கேட்டபோது எங்களிடம் மறுமொழி இல்லை.

அவருடைய மனைவி கேட்டது வேறு. கூடையைத் தலையில் சுமந்து மீன் விற்று, இருபதாண்டு அந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியவர். "அவருக்குப் பேச ஆள் கெடச்சிட்டாங்க. நான் யார்கிட்டப் பேசுறது?" குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற குழுக்கள் 1951 முதல் உலகில் இருக்கின்றன. அதற்கும் ஓர் அறைதான் வேண்டும். அவருக்குத் தோதான நேரம் பிற்பகல் மூன்று மணி.

முடியாத காரியம் என்று எவரும் சொல்லிவிட வேண்டாம். 1989-இல் இதே டி.டி.கே. மருத்துவமனையினர் திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் ஊருக்குள்ளேயே போய் முகாம் நடத்தத் தொடங்கினார்கள்; ஊரார் ஒத்துழைத்தார்கள். காவிரிக்கரை ஊரால் ஆனது கொசஸ்தலைக்கரை ஊரால் ஆகாதா? குப்பங்கள்தோறும் சமுதாயக் கூடங்கள், வலை பின்னும் கூடங்கள்; மாலை நான்கரைக்கு மேல் பூட்டிக் கிடக்கும் மாநகராட்சி வகுப்பறைகள். கல்யாணத்துக்கும் கட்சிக்கூட்டத்துக்கும் திறக்கும் பூட்டுகள்தாமே இவை? மாநகராட்சி ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும்: குடியிலிருந்து மீள்வோர் குழு எதுவாயினும், சிறு வாடகைக்கு, படமெடுக்காமல், பெயர் கேட்காமல், வகுப்பறையைத் தரலாம் என்று. கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் ஸ்டான்லியின் வெளிநோயாளிச் சீட்டின் பின்புறத்தில் அச்சிடலாம். ரயில் பெட்டியில் அந்தப் பொடிக்காரர் ஒட்டிய சுவரொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டலாம். டாஸ்மாக் கடையின் கம்பிக்கு மேலேயே எழுதி வைக்கலாம். மது கேடு என்று எச்சரிக்கத் தெரிந்த அரசுக்கு, கேட்டிலிருந்து வெளியேறும் வழி எந்தத் தெருவில் இருக்கிறதென்று எழுதுவதில் என்ன தடை?

நண்பர் இன்னும் ரயிலில்தான் போய்வருகிறார், வாரத்துக்கு இரண்டு நாள். காற்றும் அலையும் சரியில்லாத வாரத்தில் மூன்று. நடுவில் ஒருமுறை வழுக்கினார். மறுநாளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து அதைச் சொன்னாராம். எங்கள் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டார். கூட்டத்துக்குப் பின் நடப்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம் என்று சொல்லி அவரை அழைக்க இன்னும் எங்களுக்கு யோக்கியதை வரவில்லை.

எண்ணூர், கத்திவாக்கம், திருவொற்றியூர் வட்டாரத்தில் பள்ளி, மன்றம், சங்கக் கட்டடம் எதையேனும் பொறுப்பில் வைத்திருப்பவர்கள் இதை வாசிக்க நேர்ந்தால் எங்களுக்கு எழுதுங்கள். பதினைந்து பேர் உட்கார இடம், ஒரு மின்விசிறி, குடிதண்ணீர். மாலை ஐந்தரை முதல் ஏழு வரை. பிற்பகல் மூன்று மணிக்கு இன்னொரு நாள். வாடகையை மாதத்தின் முதல் வாரமே கொடுத்துவிடுவார்கள். சாவியை ஒப்படைக்கும்முன் கூட்டிப் பெருக்கி, பெஞ்சுகளை இருந்தபடியே போட்டுவிட்டுத்தான் போவார்கள். நகரத்து வகுப்பறையில் நாங்கள் கண்டது அதுதான்.